உட்கார்ந்திருப்பது கடவுளா, அரசனா? ஹஷ்-ஹமேர் உருளை முத்திரையும் மெசொப்பொத்தாமிய முத்திரைப் படங்களை வாசிக்கும் முறையும்

#1 | பிறைநிலா

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 89126 என்ற எண்ணுள்ள, ஹஷ்-ஹமேர் என்பவரின் மெசொப்பொத்தாமிய (பழைய இராக்) உருளை முத்திரையை, அதாவது ஈரக் களிமண்ணில் உருட்டிப் படம் பதிக்கும் கல்லை, எடுத்துக்கொள்கிறேன். பச்சை நிறக் கல், உயரம் 5 செ.மீ.க்குச் சற்று அதிகம், காலம் ஏறத்தாழ கி.மு. 2100. காட்சி எளிமையானது. ஒருவர் காளைக்கால் வைத்த ஆசனத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு பெண் மழித்த தலையோடு இருக்கும் ஓர் ஆளைக் கைபிடித்து அவர் முன் கூட்டி வருகிறாள். பின்னால் இன்னொரு பெண். மேலே பிறை.

என் வாசிப்பு: பிறை இருப்பதால் உட்கார்ந்திருப்பவர் நிலாக்கடவுள் நன்னா. முத்திரை உர் நகரத்தோடு தொடர்புடையது, உர் நகரத்தின் கடவுளும் நன்னாதான். சுமேரியப் பாடல்கள் நன்னாவை இளங்காளை என்கின்றன, அதனால் காளைக்காலும் பொருந்துகிறது. பெண்கள் இருவரும் கோயில் பூசாரிகள். பிழை இருந்தால் திருத்துங்கள்.

#2 | ஆப்பெழுத்தர்

வாதம் கோவையாகத்தான் இருக்கிறது, முடிவு மட்டும் தவறு. உட்கார்ந்திருப்பவர் அரசன் உர்-நம்மு. பெண்கள் பூசாரிகள் அல்லர், தேவியர்.

நீங்கள் சின்னத்திலிருந்து தொடங்கினீர்கள். தொடங்க வேண்டிய இடம் தலை. மெசொப்பொத்தாமியக் கலையில் கடவுளைக் காட்டுவது கொம்புக் கிரீடம். பக்கத்துக்கு ஒன்றாகவோ அடுக்கடுக்காகவோ மாட்டுக் கொம்பு வைத்த தலையணி அது. அக்காடியர் காலத்திலிருந்து (கி.மு. 2334 தொடக்கம்) இந்த வழக்கம் நன்றாக நிலைத்துவிட்டது. உங்கள் முத்திரையில் அந்த இரு பெண்களின் தலையிலும் கொம்பு உண்டு. உட்கார்ந்தவர் தலையில் இல்லை. கைபிடித்து வரப்படுபவருக்கும் இல்லை. இதிலேயே பாதி முடிந்தது: இருவர் தெய்வம், இருவர் மனிதர்.

அடுத்து உடை. தேவியர் அணிவது அடுக்கடுக்காக மடிப்பு தொங்கும் நீண்ட ஆடை. அரசன் அணிவது ஓரத்தில் மட்டும் கரை வைத்த, ஒரு தோளை மூடாத போர்வை. அதன்பின் எழுத்து. கடைசியாகத்தான் வானத்தில் மிதக்கும் சின்னங்களுக்கு வர வேண்டும். தலை, உடை, ஆசனம், எழுத்து, சின்னம். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் பத்தில் ஆறு முத்திரைகளையாவது தவறாகப் படிப்போம்.

எழுத்து சொல்வது இது: "உர்-நம்மு, வல்ல ஆண்மகன், உர் நகரின் அரசன்: ஹஷ்-ஹமேர், இஷ்குன்-சின் நகரின் ஆளுநர், உன் அடியான்." கடைசிச் சொல் சுமேரியத்தில் அரத்-சு, "உன் அடியான்". அந்த "உன்" யாரைக் குறிக்கிறது? மேலே பெயர் சொல்லி அழைக்கப்பட்டவரை, அதாவது உர்-நம்முவை. படமும் எழுத்தும் ஒரே வாக்கியத்தைத்தான் இரண்டு விதமாகச் சொல்கின்றன.

#3 | தொன்மி

எழுத்தே இல்லாத முத்திரையில் என்ன செய்வது? உர்-நம்முவின் வம்சமான மூன்றாம் உர் வம்சக் காலத்தில் (கி.மு. 2112 – 2004) இந்த "அறிமுகக் காட்சி" ஆயிரக்கணக்கில் வருகிறதே.

#4 | ஆப்பெழுத்தர்

இருக்கையைப் பாருங்கள். கடவுள் பெரும்பாலும் கோயில் முகப்பு போன்ற, கட்டம் கட்டமாக உள்வாங்கிய ஆசனத்தில் இருப்பார். மூன்றாம் உர் வம்ச அரசன் ஆட்டுத்தோலோ கம்பளியோ விரித்த முக்காலி போன்ற இருக்கையில், விளிம்பு மடித்த வட்டத் தொப்பியோடு, பல முத்திரைகளில் கையில் சின்னக் கிண்ணத்தோடு இருப்பான். தொப்பி, கிண்ணம், கம்பளி இருக்கை மூன்றும் சேர்ந்து வந்தால் சந்தேகமில்லை. ஹஷ்-ஹமேர் முத்திரையின் காளைக்கால் ஆசனம் இந்தப் பொதுவகைக்குள் அடங்காது. அதனால்தான் அங்கே எழுத்தை நம்ப வேண்டியிருக்கிறது.

உயரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். உட்கார்ந்தவரின் தலையும் நிற்பவர்களின் தலையும் ஒரே மட்டத்தில்தான் வரும். உருளையின் மேல்விளிம்பு வரை இடத்தை நிரப்பும் பழக்கம் அது. "எழுந்தால் பெரிய ஆளாக இருப்பார், அதனால் கடவுள்" என்று ஒருவர் வேறொரு இழையில் எழுதியிருந்தார். அந்தக் கணக்கு செல்லாது.

#5 | பிறைநிலா

சரி, தலை முதலில். கொம்புக் கிரீடம் போட்ட நாலைந்து பேர் ஒன்றாக நின்றால் யார் யார் என்று பிரிப்பது எப்படி?

#6 | தொன்மி

இதற்கு அட்டாவின் முத்திரையை விடச் சிறந்த பாடம் இல்லை. அதே அருங்காட்சியகம், எண் 89115, பச்சைக் கல், 3.9 செ.மீ. உயரம், கி.மு. 2300 வாக்கில். எழுத்து இரண்டே வரி: அட்டா, எழுத்தர்.

நடுவில் கீழே, இரண்டு மலைகளுக்கு நடுவே மார்பளவு மட்டும் தெரிய ஒருவர் எழுகிறார். தோள்களிலிருந்து கதிர்கள், கையில் பல்வைத்த வாள். இவர் சூரியன் ஷமாஷ், சுமேரியத்தில் உத்து. அந்த வாள் ஒரு ரம்பம், மலையை அறுத்துக்கொண்டுதான் விடியலில் வருகிறார். ஷமாஷ் நீதிக்கும் கடவுள் என்பதால் ரம்பத்தைத் தீர்ப்போடு சேர்த்துப் பேசுபவர்களும் உண்டு. கதிரும் ரம்பமும் சேர்ந்திருந்தால் வேறு ஆளைத் தேட வேண்டாம்.

மலைமேல் சிறகோடு நிற்பவள் இஷ்தார், சுமேரியத்தில் இனன்னா. தோள்களுக்குப் பின்னால் கதாயுதமும் மற்ற ஆயுதங்களும் முளைத்திருக்கும். ஷமாஷின் தோளில் இருப்பது கதிர், இவள் தோளில் இருப்பது ஆயுதம். தேய்ந்த முத்திரையில் இரண்டும் வெறும் கோடுகளாகத் தெரியும், குழம்பும் இடம் அதுதான். கோட்டின் நுனியில் உருண்டை இருந்தால் கதாயுதம். வேறு முத்திரைகளில் இவள் சிங்கத்தின் மேல் கால் வைத்திருப்பாள், எட்டு முனை விண்மீனும் கூட வரும்.

தோளிலிருந்து நீரோடை பாய்ந்து, ஓடையில் மீன் நீந்தினால் அவர் ஏயா, சுமேரியத்தில் என்கி, நிலத்தடி நன்னீரின் தெய்வம். அவருக்குப் பின்னால் இரண்டு முகத்தோடு நிற்பவர் அவருடைய அமைச்சர் உஸ்மு. இரண்டு முகம் என்றால் உஸ்முதான். முத்திரைக் கலையில் இவ்வளவு சுலபமான அடையாளம் வேறெதுவும் இல்லை!

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கவைபோல் பிரிந்த மின்னலும் காளையும் வந்தால் அதத். மண்வெட்டி மர்துக்குக்கு, எழுத்தாணி நபூவுக்கு, நாய் குலாவுக்கு. ஏழு புள்ளிகள் கார்த்திகை மீன் கூட்டம், "எழுவர்" என்ற தெய்வக் குழு. புதுப்பாபிலோனிய முத்திரைகளில் கடவுளின் உருவமே இருக்காது. பீடத்தின் மேல் மண்வெட்டியும் எழுத்தாணியும் மட்டும் நிற்கும், ஒரு பக்தர் கையுயர்த்தி வணங்குவார்.

#7 | செங்கழனி

அட்டா முத்திரையில் இருப்பது ஏதோ ஒரு புராணக் காட்சி என்றுதானே சொல்கிறார்கள்? எந்தக் கதை?

#8 | தொன்மி

எந்தக் கதையும் இல்லை என்பது என் கட்சி. விடியல், நீர், போர் எனச் சக்திகளை ஒரே தளத்தில் நிறுத்திய படம் அது. முத்திரைகளைப் புராண நூலுக்கு வரைந்த படங்கள்போல எடுத்துக்கொள்வதுதான் இந்தத் துறையின் பழைய நோய். சட்டையில்லாமல் ஆறு சுருள்முடியோடு சிங்கத்தோடு மல்லுக்கட்டும் வீரனைப் பழைய பட்டியல்களெல்லாம் காவிய நாயகன் "கில்காமேஷ்" என்றன, பக்கத்தில் நிற்கும் காளைமனிதனை அவன் தோழன் "என்கிது" என்றன. அந்த வீரன் லஹ்மு, காளைமனிதன் குசரிக்கு. இரண்டும் காவல் சக்திகள், காவிய நாயகர்கள் அல்ல. இன்றும் இணையத்தில் பாதிப் படங்களுக்குக் கீழே கில்காமேஷ் என்றே இருக்கிறது.

#9 | ஆப்பெழுத்தர்

இங்கே உங்களோடு கொஞ்சம் மாறுபடுகிறேன், தொன்மி. கதையே இல்லை என்று ஒரேயடியாக அடித்துவிட முடியாது. அக்காடியர் கால முத்திரைகள் சிலவற்றில் கழுகின் மேல் ஒரு மனிதன் பறக்கிறான், கீழே நாய்கள் அண்ணாந்து பார்க்கின்றன, ஆட்டு மந்தையும் மேய்ப்பனும் இருக்கிறார்கள். அது எதானாவின் கதை. பிள்ளைப்பேற்றுக்கான மூலிகை தேடிக் கழுகின் மேல் விண்ணுலகம் போன அரசன். வேறு எந்த விளக்கமும் அந்தப் படத்துக்குப் பொருந்தாது.

பழைய பாபிலோனியக் காலத்துச் சுடுமண் பலகைகளிலும் பின்னாளைய அசிரிய முத்திரைகளிலும் இரண்டு பேர் சேர்ந்து ஒரு பூதத்தை மண்டியிட வைத்து வெட்டுகிறார்கள். அது உண்மையிலேயே கில்காமேஷும் என்கிதுவும் செய்த ஹும்பாபா வதம்.

#10 | தொன்மி

எதானாவை ஒப்புக்கொள்கிறேன். அது விதிவிலக்கு, அதனால்தான் எல்லோரும் அதையே எடுத்துக்காட்டுகிறோம். ஏயாவின் முன் பிடித்துவரப்படும் பறவைமனிதன்? அவன்தான் புராணத்தில் விதிப் பலகையைத் திருடிய பறவைப் பூதம் அன்சூ என்கிறீர்களா?

#11 | ஆப்பெழுத்தர்

அப்படிச் சொல்லமாட்டேன். கதையில் அன்சூ சண்டையில் கொல்லப்படுகிறது, கைது செய்து விசாரணைக்குக் கொண்டுவரப்படவில்லை. நமக்குக் கிடைத்த அன்சூ கதையின் எழுத்து வடிவங்களும் அந்த முத்திரைகளுக்குப் பல நூற்றாண்டு பிந்தியவை. படத்தில் ஒரு குற்றவாளி இருக்கிறான், நீதி வழங்குபவர் இருக்கிறார். அதற்கு மேல் பெயர் சூட்டத் தேவையில்லை.

#12 | விண்கலம்88

நடுவில் வந்ததற்கு மன்னிக்கவும். பெர்லின் முத்திரை விஏ 243 பற்றி யாரும் பேசவில்லையே. சூரியனும் சுற்றி 11 கோள்களும் தெளிவாகவே இருக்கு. 4,000 வருஷத்துக்கு முன்னாடி புளூட்டோ வரைக்கும் எப்படித் தெரிஞ்சது? சுமேரியக் கடவுள்களான அனுன்னாகி வேற்றுக்கிரகவாசிகள்னு சொல்ற காணொளிகள்ல எல்லாம் இதைத்தான் காட்டுறாங்க.

#13 | ஆப்பெழுத்தர்

நல்ல வேளை கேட்டீர்கள் தம்பி. 1976இல் வந்த ஒரு பிரபல நூலிலிருந்து கிளம்பிய கதை அது. மேலே சொன்ன அதே வரிசையில் போவோம்.

தலை: கொம்புக் கிரீடம் போட்ட கடவுள் உட்கார்ந்திருக்கிறார், மற்றவர்கள் அவர் முன் நிற்கிறார்கள். வழக்கமான காட்சி. எழுத்து: துப்சிக, இலி-இல்லத், "உன் அடியான்". இரண்டு ஆட்பெயர்கள், ஒரு அடிமைச் சொல். ஹஷ்-ஹமேர் முத்திரையில் பார்த்த அதே வாய்பாடு. வானியல் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

இனி சின்னம். நடுவில் இருப்பது ஆறு முனை விண்மீன். மெசொப்பொத்தாமியர் சூரியனை அப்படி வரைவதில்லை. சூரியத் தட்டு என்றால் வட்டத்துக்குள் நான்கு முனை, முனைகளுக்கு இடையே அலைக்கற்றைகள். சிப்பார் நகரில் கிடைத்த, நபு-அப்ல-இத்தின அரசன் காலத்து (கி.மு. 9ஆம் நூற்றாண்டு) கற்பலகையில் ஷமாஷின் முன் பெரிதாக வைத்திருப்பதைப் பாருங்கள். விஏ 243இல் இருப்பது விண்மீன், சுற்றியிருக்கும் புள்ளிகளும் விண்மீன்களே. அவர்கள் எழுதிவைத்த வானியல் களிமண் பலகைகளில் வரும் கோள்கள் ஐந்துதான்: புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி. கண்ணுக்குத் தெரிந்த அளவு அவ்வளவே.

#14 | செங்கழனி

இதே மாதிரி "ஆதாம் ஏவாள் முத்திரை" ஒன்று உண்டு, பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 89326. நடுவில் மரம், இரண்டு பக்கமும் இருவர் உட்கார்ந்து கை நீட்டுகிறார்கள், பின்னால் பாம்பு. 19ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் ஸ்மித் அதை ஏதேன் தோட்டம் என்றார். ஒருவர் தலையில் கொம்பு இருக்கிறது! ஆதாமுக்குக் கொம்பு ஏது? கடவுளும் வணங்குபவரும் எதிரெதிரே இருக்கும் காட்சி, நடுவில் பேரீச்சை. பேரீச்சையும் பாம்பும் வளமையின் அடையாளங்களாக இருக்கலாம்.

#15 | கல்தச்சன்

படத்தை மட்டுமே பேசுகிறோம். கல்லில் அது எப்படி ஏறியது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். முத்திரை வெட்டுபவருக்கு அக்காடியத்தில் பர்குல்லு என்று பெயர்.

சாதாரண உருளை 2 முதல் 4 செ.மீ. உயரம், 1 முதல் 2 செ.மீ. விட்டம். முதலில் கல்லை அறுத்து, தேய்த்து உருட்டாக்க வேண்டும். பின் நீளவாக்கில் துளை. வில்லால் சுழற்றும் துளைப்பானும் உராய்வுப் பொடியும் வைத்து இரண்டு முனையிலிருந்தும் துளைத்து நடுவில் சந்திக்க வைப்பார்கள். ஒரே பக்கமாகத் துளைத்தால் மறுமுனையில் துளைப்பான் வெளியேறும்போது கல் சில்லாகத் தெறிக்கும். இரண்டு பக்கமும் துளைத்தால் நடுவில் சரியாகச் சந்திக்காமல் ஒரு படி விழும். பழைய முத்திரைகளின் துளைக்குள் விளக்கு அடித்தால் அந்தப் படியைப் பார்க்கலாம். கல் உடைகிற வேலை துளையிடுவதுதான் என்பதால் அதை முடித்துவிட்டுப் படம் வெட்டுவதே புத்தி.

கடினம் பெரிய விஷயம். கடினத்தை 1 முதல் 10 வரை காட்டும் மோஸ் அளவில் மாக்கல் 1, சுண்ணாம்புக்கல் 3, செர்பன்டைன் 3ஐ ஒட்டி, நீலக்கல்லான லாபிஸ் லசூலி 5 முதல் 5.5, ஹேமடைட் 5.5 முதல் 6.5, குவார்ட்ஸ் வகையான சூதுபவளமும் படிகக்கல்லும் 7. மென்கல்லைச் செம்பு உளியாலும் சிக்கிமுக்கிக் கல்லாலும் கையாலேயே வெட்டலாம், சதை திரண்ட உடல், ஆடை மடிப்பு எல்லாம் வரும். 7இல் அது நடக்காது. துளைப்பான் குழி, சக்கரக் கீறல் இரண்டையும் வைத்துத்தான் உருவம் கட்ட வேண்டும். தலை ஒரு குழி, உடல் நாலு கோடு. சுழலும் வெட்டுச் சக்கரம் குவார்ட்ஸ் முத்திரைகளில் கி.மு. 2ஆம் ஆயிரமாண்டில்தான் வருகிறது என்று மின்னணு நுண்ணோக்கி ஆய்வுகள் காட்டின. அதற்கு முன் அதை இன்னும் பழையது என்று நினைத்திருந்தார்கள்.

படத்துக்கு வருகிறேன். வெட்டுபவர் ஒரு சுற்றளவுக்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டும். விட்டம் 1.5 செ.மீ. என்றால் சுற்றளவு 4.7 செ.மீ., அவ்வளவுதான் மேடை. முதல் மூன்று உருவத்தைத் தாராளமாக வெட்டிவிட்டால் நாலாவது ஒடுங்கும். இடம் மிஞ்சினால் ஒரு குரங்கு, ஒரு மீன், ஒரு பானை, ஒரு விண்மீன் போட்டு நிரப்புவார்கள். பழைய பாபிலோனிய முத்திரைகளில் இப்படி இடைவெளியை அடைக்கும் சின்னங்கள் ஏராளம். ஒவ்வொரு புள்ளிக்கும் தத்துவம் தேடுபவர்கள் முதலில் சுற்றளவைப் பெருக்கிப் பார்க்கட்டும்.

#16 | பிறைநிலா

கல்தச்சன் ஐயா, கல்லின் தேர்வுக்குச் சமயப் பொருள் உண்டா, அல்லது கிடைத்ததை வெட்டினார்களா?

#17 | கல்தச்சன்

இரண்டும். தென் மெசொப்பொத்தாமியாவில் நல்ல கல்லே கிடையாது, வண்டல் மண். லாபிஸ் லசூலி ஆப்கானிஸ்தானின் படக்ஷான் மலையிலிருந்து வந்தது. வணிகப் பாதை அடைபட்டால் கல் மாறும். ஆனால் கல்லுக்கு ராசியும் பார்த்தார்கள். லாபிஸ் லசூலி முத்திரை வைத்திருப்பவனுக்கு வலிமை வரும், அவன் தெய்வம் அவனைக் கண்டு மகிழும் என்று ஆப்பு வடிவ எழுத்திலான களிமண் பலகை ஒன்று சொல்கிறது. உர் அரச கல்லறையில் லியனார்டு உல்லி தோண்டிய அரசி புவாபியின் முத்திரை லாபிஸ்தான், இரண்டு அடுக்கு விருந்துக் காட்சி. அதில் அவள் பெயரும் பட்டமும் மட்டும் உண்டு, கணவன் பெயர் இல்லை.

#18 | செங்கழனி

இந்தப் படமெல்லாம் கடைசியில் களிமண்ணில் ஒட்டத்தான். எங்கெங்கே ஒட்டினார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஜாடி மூடி, கூடைக் கயிறு, மூட்டை, கதவின் முளைக்குச்சியில் சுற்றிய கயிறு, பிறகு எழுதிய களிமண் பலகையும் அதை மூடிய களிமண் உறையும். துருக்கியின் அர்ஸ்லான்தெப்பேயில் கி.மு. 4ஆம் ஆயிரமாண்டின் கடைசியைச் சேர்ந்த 2,000க்கும் மேற்பட்ட முத்திரைக் களிமண் துண்டுகள் கிடைத்தன. பின்பக்கத்தில் கயிற்றுத் தடமும் மரமுளைத் தடமும் இருப்பதால் எது கதவு, எது மூட்டை என்று பிரிக்க முடிந்தது.

மூன்றாம் உர் காலத்துக் கணக்குப் பலகைகளில் முதலில் முத்திரையை உருட்டிவிட்டு அதன் மேலேயே கணக்கை எழுதினார்கள். தேவியின் முகத்தில் பார்லி அளவு எழுதியிருக்கும்! எழுத்துப் பகுதி நன்றாக விழும்படி உருட்டினார்கள், படம் பாதி வந்தாலும் கவலையில்லை. முத்திரை தொலைந்தால் பெரிய சிக்கல். ஒரு வணிகரின் முத்திரை காணாமல் போனதைத் தெருத்தெருவாகக் கொம்பூதி அறிவித்ததாகவும், இனி அந்த முத்திரையை வைத்து அவர்மேல் உரிமை கோர முடியாது என்றும் நிப்பூர் நகரத்துப் பலகை ஒன்று சொல்கிறது.

#19 | நிழலோவியன்

அருங்காட்சியக நகல் உருளை வைத்திருப்பவர்கள் பலர் தவறாக உருட்டிவிட்டுத் தவறாகப் படிக்கிறார்கள். செய்முறை:

பாலிமர் களிமண்ணை 6 – 8 மி.மீ. கனத்தில் கண்ணாடிப் பலகையின் மேல் சமமாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். விட்டம் 2 செ.மீ. என்றால் ஒரு சுற்று 6.3 செ.மீ. பட்டையின் நீளம் 10 – 11 செ.மீ. வேண்டும். ஒன்றரைச் சுற்று உருட்டினால்தான் தொடக்கத்தில் வெட்டுப்பட்ட உருவம் முழுதாகக் கிடைக்கும். முகப்பவுடரை மெல்லிய தூரிகையால் தூவி ஊதிவிடுங்கள், அதிகமானால் எழுத்தின் மெல்லிய ஆப்புகளை அடைத்துவிடும். இரண்டு கையின் ஆள்காட்டி விரல்களையும் உருளையின் இரண்டு முனையிலும் வைத்து ஒரே அழுத்தத்தில், நிறுத்தாமல் உருட்டுங்கள். நடுவில் நின்றால் அங்கே குறுக்குக்கோடு விழும்.

உருட்டிய பட்டை வில்லாக வளைந்தால் ஒரு பக்க அழுத்தம் கூடிவிட்டது. விளிம்புகள் ஆழமாகப் பதிந்து நடுப்பகுதி மங்கினால் உங்கள் கையில் குறையில்லை. அக்காடியர் கால உருளைகள் பலவற்றின் பக்கம் நடுவில் லேசாகக் குழிந்திருக்கும், நகலும் அப்படியே. களிமண்ணை 10 மி.மீ. கனமாக்கி, இன்னும் மென்மையாகப் பிசைந்து உருட்டினால் நடுப்பகுதியும் வரும்.

நிஜக் களிமண்ணில் செய்தால் ஈரம்தான் எல்லாம். ஈரம் மிஞ்சினால் ஒட்டி இழுக்கும், குறைந்தால் விளிம்பு வெடிக்கும். விரலால் தொட்டால் ஒட்டாமல் தடம் மட்டும் விழும் பதம் வேண்டும். காயும்போது 5 முதல் 10 விழுக்காடு சுருங்கும். அதனால்தான் பழைய பலகையில் அளந்த உயரம் முத்திரையின் உயரத்தைவிடக் குறைவாக வரும்.

படம் எடுக்கும்போது ஒளி மேல் இடது மூலையிலிருந்து, தரையோடு 15 – 20 பாகைச் சாய்வில். கீழேயிருந்து ஒளி வந்தால் புடைப்பு குழியாகத் தெரியும், கொம்பு எது, நிழல் எது என்று தெரியாது.

உண்மையான பழைய முத்திரையில் இதையெல்லாம் யாரும் முயல வேண்டாம். லாபிஸிலும் சங்கிலும் நுண்விரிசல் இருக்கும், களிமண் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும்.

#20 | விண்கலம்88

விஏ 243 விஷயத்தில் ஒத்துக்கிறேன். ஆனா உர் நகரம் = ஊர். சுமேரியர் தமிழர்தானே? உர்-நம்மு பேர்லயே ஊர் இருக்கே.

#21 | ஆப்பெழுத்தர்

ஆசை புரிகிறது, ஆனால் சொல் ஒத்துழைக்கவில்லை. அந்த நகரத்தின் சுமேரியப் பெயர் உரிம். உர்-நம்மு என்ற பெயரில் வரும் உர் நகரத்தின் பெயரே அல்ல. அது "ஆள், வீரன்" என்று பொருள்படும் வேறு சொல், வேறு எழுத்துக்குறி. நம்மு என்பது ஒரு தேவி. சுமேரியம் உறவு மொழி எதுவும் நிறுவப்படாத தனிமொழி.

உண்மையான தொடர்பு வேண்டுமென்றால் முத்திரையிலேயே இருக்கிறது. பாரிஸ் லூவரில் உள்ள ஷு-இலிஷுவின் முத்திரை, அக்காடியர் காலம். எழுத்து அவரை மெலுஹா மொழிபெயர்ப்பாளர் என்கிறது. மெலுஹா என்பது சிந்துவெளி என்றே பெரும்பாலோர் கொள்கிறார்கள். அதே லூவரில் இப்னி-ஷர்ரும் முத்திரை: இவர் அக்காடிய அரசன் ஷர்-கலி-ஷர்ரியின் எழுத்தர். தலையில் ஆறு சுருள்முடியுள்ள வீரர்கள் இருவர் மண்டியிட்டு, நீர் பொங்கும் குடத்தால் எருமைகளுக்குத் தண்ணீர் காட்டுகிறார்கள். எருமை மெசொப்பொத்தாமிய விலங்கு இல்லை, சிந்துப் பக்கமிருந்து போனது. கொம்பின் வளைவையும் கழுத்தின் மடிப்பையும் வெட்டியிருக்கும் அழகைப் பார்த்தால் அந்தச் சிற்பி எருமையை நேரில் பார்த்தவர் என்றே சொல்வேன். உர் நகரிலேயே சிந்துப் பாணி முத்திரைகள் கிடைத்து 1932இல் கேட் என்ற அறிஞர் வெளியிட்டார். அவற்றில் பெரும்பாலானவை உருட்டுபவை இல்லை, அழுத்திப் பதிக்கும் அச்சு முத்திரைகள்.

#22 | நெறியாளர்

தனிச்செய்தியில் சிலர் "இது ஒரிஜினலா, என்ன விலை" என்று படம் அனுப்புகிறார்கள். இங்கே மதிப்பீடு செய்யமாட்டோம். 2003 ஏப்ரலில் பாக்தாத் இராக் அருங்காட்சியகத்தின் நிலவறையிலிருந்து மட்டும் சுமார் 5,000 உருளை முத்திரைகள் திருடுபோயின. 1990 ஆகஸ்ட் 6க்குப் பிறகு இராக்கிலிருந்து சட்டவிரோதமாக வெளியேறிய தொல்பொருள் வணிகத்தை ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1483ஆம் தீர்மானம் தடை செய்கிறது. சட்டைப்பையில் அடங்கும் பொருள் என்பதுதான் இவற்றின் சாபம்.

#23 | கல்தச்சன்

விலை வேண்டாம், போலியைப் பற்றி மட்டும். கல்லிலேயே எழுத்து நேராகப் படிக்க வந்தால் சந்தேகம், ஏனென்றால் அசல் பொதுவாகக் கண்ணாடிப் பிம்பமாகத்தான் வெட்டப்படும். துளை ஒரே சீராக, நடுவில் படியில்லாமல், வாய் விளிம்பு கூர்மையாக இருந்தால் சந்தேகம். கயிறு உரசி அந்த விளிம்பு தேய்ந்திருக்க வேண்டும். அக்காடிய வீரனும் அசிரியச் சிறகுத்தட்டும் ஒரே உருளையில் வந்தாலும் சந்தேகம்தான். ஒரு எச்சரிக்கை: பழங்காலத்திலேயே பெயரை அழித்து வேறு பெயர் வெட்டி, படத்தையும் திருத்தி மறுபடி பயன்படுத்தியிருக்கிறார்கள். கலப்பு மட்டும் போலிக்குச் சான்றாகாது.

#24 | பிறைநிலா

திருத்திய வாசிப்பு. கொம்புக் கிரீடம் போட்ட தேவி ஆளுநர் ஹஷ்-ஹமேரைக் கைபிடித்து, கொம்பில்லாத அரசன் உர்-நம்முவின் முன் நிறுத்துகிறாள். இரண்டாவது தேவி பின்னால் கைகளை உயர்த்திப் பரிந்துரைக்கிறாள். தெய்வங்களே மனிதனை மனிதனிடம் அறிமுகம் செய்கின்றன. பிறை வெறும் இட நிரப்பு, சரிதானே?

#25 | ஆப்பெழுத்தர்

கடைசி வரியைத் தவிர எல்லாம் சரி. கல்தச்சன் சொன்னது பானைக்கும் குரங்குக்கும் பொருந்தும், இந்தப் பிறைக்குப் பொருந்தாது. எழுத்தை மறுபடி பாருங்கள். உர் நகரம் நன்னாவுடையது. ஹஷ்-ஹமேர் ஆளும் ஊரின் பெயர் இஷ்குன்-சின். சின் என்பது நன்னாவின் அக்காடியப் பெயர், ஊர்ப்பெயரின் பொருள் "சின் நிலைநிறுத்தினார்". ஆண்டையின் நகரமும் அடியானின் நகரமும் ஒரே நிலாவின் கீழ். பிறையைப் பார்த்து நன்னாவை நினைத்தது சரி. அவரை நாற்காலியில் உட்கார வைத்ததுதான் பிழை.

#26 | நிழலோவியன்

பிறைநிலா, #1இல் இணைத்திருந்தது கல்லின் படம், களிமண்ணில் உருட்டிய பதிவின் படம் அல்ல. இடம் வலம் மாறியிருக்கிறது. "வலக்கை, இடக்கை" என்று எதையாவது எழுதும் முன் மாற்றிவிடுங்கள்.